கத்திய பெல்ட்டும் கத்தாத பெல்ட்டும்

1980களில் அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கும், அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் மழைக்காலம் தொடங்கிவிட்டதைச் சொல்ல வானொலிச் செய்தி தேவைப்படவில்லை. இரவெல்லாம் நனைந்து நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ‘கிரீச்’ என்று ஒரு கத்தல் எழும். தெருமுனை வரை கேட்கும். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கத்திவிட்டுத் தானாக அடங்கும். “ஃபேன் பெல்ட் கத்துது, சூடானா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு டிரைவர் கியரைப் போடுவார்.

இன்று அதே தெருவில் அதே ஐப்பசி மழையில் பத்து கார்கள் கிளம்பினால் ஒன்று கத்துவதே அபூர்வம். மழை குறைந்துவிடவில்லை. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் வழுக்கும் என்ற விதியும் மாறவில்லை. பெல்ட்டின் வடிவம், அதன் ரப்பர், அதை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு, அதன் தலையில் ஏற்றிய சுமை ஆகிய நான்கும்தான் மாறியிருக்கின்றன. சத்தம் அடங்கியது வசதிதான். ஆனால் அந்தச் சத்தம் இலவசமாகச் செய்துவந்த ஒரு வேலையும் அதோடு போய்விட்டது.

மூன்று புல்லி, ஒரு பெல்ட்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் புல்லி கீழே, ரேடியேட்டர் ஃபேனும் தண்ணீர் பம்பும் மேலே, டைனமோ பக்கவாட்டில் இருக்கும். இந்த மூன்றையும் முக்கோணமாகச் சுற்றி ஓடியது ஒரே ஒரு வி-பெல்ட். பம்பாயில் தயாரான ஃபியட்டிலும், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் ஓடியது இதே ஜாதி பெல்ட்தான்.

வி-பெல்ட்டை 1917-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ். தட்டையான தோல் பட்டை புல்லியின் மேல் படுத்துக்கொண்டு ஓடும். வி-பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கி, இரண்டு பக்கச் சுவர்களையும் கவ்விக்கொள்ளும். அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடக்கூடாது. பிடிப்பு முழுவதும் பக்கங்களில்தான். பள்ளத்தின் கோணம் 40 டிகிரி என்றால், அதே இழுவையில் தட்டைப் பட்டைக்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். அரிசி ஆலை, மாவு மில், பம்புசெட், கார் என எல்லா இடத்திலும் இந்தப் பெல்ட் நுழைந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம். மதுரை கோச்சடையில் இருக்கும் ஃபென்னர் ஆலையின் பெயர் தமிழ்நாட்டு மில்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் மனப்பாடமானது இந்தச் சரக்கினால்தான்.

அந்தக் காலத்து டைனமோ கொடுத்த மின்சாரம் 12 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர், அதாவது கால் கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே. ஏசி கிடையாது. பவர் ஸ்டியரிங் கிடையாது. இவ்வளவு குறைந்த சுமைக்கே பெல்ட் ஏன் கத்தியது?

முதல் காரணம், ஃபேன். எஞ்சின் வேகம் இரட்டித்தால் ஃபேன் கேட்கும் சக்தி எட்டு மடங்காகும். ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே சத்தம் கிளம்பியதற்கு அதுவே முக்கியக் காரணம். அதே ஃபேன்தான் ரேடியேட்டர் வழியாகச் சாரலையும் உள்ளே இழுத்துப் பெல்ட்டை நனைத்தது. இரண்டாவது காரணம், பெல்ட்டின் இறுக்கம் மனிதக் கையை நம்பியிருந்தது. டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு லீவரைக் கொடுத்து நெம்பி வெளியே தள்ளி, நீளத்துளை போட்ட பட்டையில் மறுபடி முடுக்க வேண்டும். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம், மெக்கானிக் கணக்கில் நாலு நூல், உள்ளே போகவேண்டும். அதற்கு மேல் போனால் லூஸ், மழையில் கத்தும். போகவே இல்லை என்றால் சத்தம் வராது, ஆனால் தண்ணீர் பம்பின் பேரிங்கும் டைனமோவின் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும். ஓட ஓடப் பெல்ட் நீளும், பக்கங்கள் தேயும், இறுக்கம் தானாகக் குறையும். அதைக் கவனித்துச் சரிசெய்ய வண்டிக்குள் எந்த ஏற்பாடும் இல்லை.

மூன்றாவது காரணம், ரப்பர். அன்றைய கார் பெல்ட்டுகள் பெரும்பாலும் நியோப்ரீனால் ஆனவை. எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அது விறைக்கும், உட்பக்கத்தில் குறுக்காக வெடிப்பு விடும். வழுக்கி வழுக்கிச் சூடேறிய பக்கங்கள் கண்ணாடி போட்டதுபோல் பளபளப்பாகும். பளபளத்த பெல்ட் மேலும் வழுக்கும். வழுக்கினால் மேலும் பளபளக்கும்.

தண்ணீர் செய்யும் வேலை

பெல்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதற்கான கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே போட்டு வைத்தவர் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர். பெல்ட்டின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இருக்கக்கூடிய இழுவை விகிதம் இரண்டு விஷயங்களால் முடிவாகிறது. ஒன்று உராய்வு, மற்றொன்று புல்லியைப் பெல்ட் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்பது. இந்த உறவு கூட்டல் கணக்கு அல்ல, அடுக்குக் கணக்கு. ஆப்புப் பிடிப்பையும் சேர்த்து உராய்வுக் கெழு உலர்ந்தபோது 1 என்றும், பெல்ட் புல்லியை 120 டிகிரி சுற்றியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் அந்த விகிதம் 8 வரை தாங்கும். ஈரத்தில் உராய்வு 0.4 ஆக இறங்கினால் விகிதம் 2.3-க்கு விழுந்துவிடும். உராய்வு பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பெல்ட் ஒரே மழையில் கைவிடுவதன் ரகசியம் இதுதான்.

முதலில் வழுக்குவது பெரும்பாலும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் புல்லி. அது சின்னது, பெல்ட் அதைச் சுற்றியிருக்கும் தூரமும் குறைவு, கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் இன்றைய ஆல்டர்னேட்டர் இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றவேண்டும்.

வழுக்குவது வேறு, கத்துவது வேறு. முழுக்க நனைந்து தண்ணீர் சொட்டும் பெல்ட் சில சமயம் சத்தமே இல்லாமல் வழுக்கும். தண்ணீர்ப் படலம் பாதி விலகி, அங்கங்கே ரப்பர் நேரடியாக இரும்பைத் தொடும் நிலையில்தான் கத்தல் வருகிறது. தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை ஈர விரலால் அழுத்தி இழுத்தால் எழும் கிரீச் சத்தம் இதே வகைதான். ரப்பர் ஒரு கணம் ஒட்டுகிறது, மறுகணம் நழுவுகிறது, மறுபடி ஒட்டுகிறது. நழுவும் வேகம் கூடும்போது உராய்வு குறைவதால் இந்த ஒட்டலும் நழுவலும் ஓயாத அதிர்வாக மாறுகின்றன. பெல்ட்டின் பக்கம் நொடிக்குப் பல நூறு தடவை அதிர, இழுத்துக் கட்டிய அதன் நீளம் அந்த அதிர்வைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது.

ஒரு நிமிடத்தில் சத்தம் அடங்குவதற்கும் காரணம் உண்டு. வழுக்கும்போது பிறக்கும் சூடு ஈரத்தைக் காயவைத்துவிடுகிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இன்னொன்றும் சேர்கிறது: ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தைப் பேட்டரி திரும்ப வாங்கிக்கொள்ளும் முதல் சில நிமிடங்களில் சுமை அதிகம், பிறகு குறையும்.

சோப்புக் கட்டியும் கழற்றிய பெல்ட்டும்

கத்தலுக்கு அன்று கைவைத்தியங்கள் இருந்தன. ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் சோப்புக் கட்டியைக் காட்டுவார்கள், சாக்பீஸைத் தேய்ப்பார்கள். சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது. சாக்குத்தூள் காய்ந்த நேரத்தில் சற்றுப் பிடிப்புக் கொடுக்கும். அடுத்த மழையில் குழம்பாகிப் பள்ளத்தில் படியும். ஒழுங்கான வைத்தியம் இரண்டே: நாலு நூல் கணக்கில் முடுக்குவது, அல்லது பெல்ட்டை மாற்றுவது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் வாங்கிய பெல்ட் ஒன்று டிக்கியில் எப்போதும் கிடக்கும். வழியில் அறுந்தால் டிரைவரே மாற்றிவிடுவார். அதற்குத் தேவை இரண்டு ஸ்பேனரும் ஒரு லீவரும்தான்.

முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய சாலையைக் கடக்கும் முன் பெல்ட்டையே கழற்றிவிடும் பழக்கமும் அனுபவசாலி டிரைவர்களிடம் இருந்தது. பெல்ட் ஓடினால் ஃபேன் சுற்றும். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் பிளக் ஒயர்கள் மேலும் அடிக்கும். வண்டி நடுத் தண்ணீரில் நின்றுவிடும். சில நிமிடத்துக்கு ஃபேனும் டைனமோவும் இல்லாமல் ஓட அந்த எஞ்சினால் முடியும். அக்கரை சேர்ந்ததும் மாட்டிக்கொள்வார்கள். இன்றைய காரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

சுமை ஏறிய இருபது ஆண்டுகள்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பெல்ட்டின் இடத்தையே மாற்றியது. எஞ்சின் குறுக்காகத் திரும்பிப் படுத்தது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் தனியாகச் சுற்றத் தொடங்கியது. பெரிய பாரம் இறங்கியது, சாரலை இழுத்து அடித்த ஆசாமியும் விலகினான். ஆனால் பெல்ட் இப்போது முன் சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றது. சக்கரம் வாரி அடிக்கும் சாலைத் தண்ணீருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தடுப்பு மட்டும். அது உடைந்தாலோ, சர்வீஸில் கழற்றி மாட்டாமல் விட்டாலோ ஒவ்வொரு பள்ளத்திலும் பெல்ட் குளிக்கும். இன்றும் மழையில் மட்டும் கத்தும் கார்களில் முதலில் பார்க்கவேண்டியது இந்தத் தடுப்பு இருக்கிறதா என்பதைத்தான்.

பிறகு சுமை ஏறியது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. ஏசி சாதாரணக் காருக்கும் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்ட காலத்தில் பவர் ஸ்டியரிங்கும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியது. 14 வோல்ட்டில் 70 ஆம்பியர் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் வெளியே தருவது ஏறத்தாழ ஒரு கிலோவாட். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் பெல்ட்டிடமிருந்து அது வாங்குவது இரண்டு குதிரைத்திறனுக்கு மேல். ஏசி கம்ப்ரசர் அதையும் மிஞ்சும். மழை நேரத்தில் ஹெட்லைட், வைப்பர், புளோயர், கண்ணாடிப் பனியை விரட்ட ஏசி என எல்லாமே ஒன்றாக ஓடும். பெல்ட்டின் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதனிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் நேரமும் ஒன்றே. ஏசி கிளட்ச் விழும்போதும், ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போதும் ‘கிரீச்’ என்று ஒரு கத்தல் கத்திவிட்டு அடங்கிய கார்கள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

பாம்பாக வளைந்த பெல்ட்

தீர்வு அமெரிக்காவில் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெல்ட் என்ற முறையை விட்டு, எல்லாவற்றையும் சுற்றிப் பாம்பாக வளைந்து ஓடும் ஒரே அகலப் பெல்ட்டை 1979-ன் ஃபோர்டு மஸ்டாங் கொண்டுவந்தது. இந்தப் பெல்ட்டின் உட்பக்கத்தில் நீளவாக்கில் சின்னச் சின்ன வி-வரிகள் ஓடும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மில்லிமீட்டர் இடைவெளி. பெல்ட்டின் முதுகில் 6பிகே என்று அச்சிட்டிருந்தால் ஆறு வரி என்று அர்த்தம். அதன் பிறகு வரும் எண் மில்லிமீட்டரில் நீளம். தடித்த வி-பெல்ட்டைப் போலன்றி இது மெல்லியது, எந்தப் பக்கமும் வளையும். முதுகாலும் ஒரு புல்லியைச் சுற்றும். நடுவில் சும்மா சுற்றும் புல்லிகளை வைத்து, ஆல்டர்னேட்டரை இன்னும் அதிகத் தூரம் சுற்றிவரச் செய்யலாம். ஆய்லர் கணக்கில் அந்தக் கூடுதல் தூரத்துக்கு நல்ல பலன் உண்டு.

இரண்டாவது மாற்றம், தானியங்கி டென்ஷனர். ஸ்பிரிங் வைத்த ஒரு கை பெல்ட்டை எப்போதும் ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருக்கும். பெல்ட் நீண்டாலும், சூட்டில் விரிந்தாலும் அதுவே சரிக்கட்டிவிடும். கட்டைவிரலுக்கும் லீவருக்கும் வேலை போனது.

மூன்றாவது, ரப்பர். நியோப்ரீன் விலகி இபிடிஎம் என்ற ரப்பர் வந்தது. எஞ்சின் சூட்டில் விறைப்பதும் வெடிப்பதும் இதில் மிகக் குறைவு. மழைச் சத்தத்துக்கென்றே இன்னும் ஒரு படி போனார்கள். வரிகளின் மேல் துணிப்பின்னல் போர்த்திய பெல்ட்டுகளும், ரப்பர் கலவையில் குறு இழைகள் சேர்த்த பெல்ட்டுகளும் வந்தன. தண்ணீரை ஒதுக்கித் தள்ளி அங்கங்கே திட்டாக நிற்கவிடாமல், ஒரே சீராகப் பரவவிடுவதும் உறிஞ்சிக்கொள்வதும் இவற்றின் உத்தி. திட்டுத் திட்டான ஈரம் இல்லையென்றால் ஒட்டலும் நழுவலும் இல்லை, கத்தலும் இல்லை.

டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் குலுங்கும். கனமான ஆல்டர்னேட்டர் அந்தக் குலுக்கலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பெல்ட்டைச் சுண்டி இழுக்கும். அதற்காக ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறுதிசையில் விட்டுக்கொடுக்கும் ஆல்டர்னேட்டர் புல்லிகளும் வந்தன. 2015-ல் மாருதி சியாஸில் வந்த மைல்ட் ஹைபிரிட் ஏற்பாடு பெல்ட்டின் வேலையையே திருப்பிப் போட்டது. சிக்னலில் அணைந்த எஞ்சினை மறுபடி கிளப்புவதும் பெல்ட் வழியாகத்தான். எஞ்சின் பெல்ட்டை ஓட்டிய காலம் போய், பெல்ட் எஞ்சினைச் சுழற்றும் காலம் வந்தது.

போனது சத்தம் மட்டுமா?

இந்த முன்னேற்றத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய பெல்ட் தன் நோயைக் காட்டியது. லூசானால் கத்தும், கிழடானால் வெடிப்பு விடும். எந்த டிரைவரும் டார்ச் அடித்துப் பார்த்து “இது இன்னும் ரெண்டு மாசம்தான்” என்று சொல்லிவிடுவார். இபிடிஎம் பெல்ட் வெடிப்பது அபூர்வம், அமைதியாகத் தேய்கிறது. வரிகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் சிறிது சிறிதாக அகலமாகிறது. ஒரு கட்டத்தில் புல்லியின் முகடு பெல்ட் பள்ளத்தின் தரையைத் தொட்டுவிடும். அப்போது ஆப்புப் பிடிப்பு போய்விடும்; தண்ணீர் வெளியேற வழியும் அடைபடும். வெறும் கண்ணுக்குக் கறுப்பாக, ஒழுங்காக, புதுசுபோலத் தெரியும் பெல்ட் மழையில் வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க வரிக்குள் வைத்துப் பார்க்கும் அளவுகோல் வேண்டும்.

அன்று பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், சூடு ஏறும், ஓரமாக நிறுத்தி மாற்றிவிடலாம். இன்று ஒரே பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர், ஏசி, பல எஞ்சின்களில் தண்ணீர் பம்ப், ஹைட்ராலிக் வகையாக இருந்தால் பவர் ஸ்டியரிங் என எல்லாமே ஒரே நொடியில் நிற்கும். தெருவோரத்தில் மாற்ற இடமும் இல்லை. பல கார்களில் சக்கரத்தைக் கழற்றித்தான் பெல்ட்டைத் தொட முடியும்.

முழு மின்சாரக் காரில் இந்தப் பிரச்சினையே இல்லை. அதில் எஞ்சினும் இல்லை, அதை நம்பியிருக்கும் பெல்ட்டும் இல்லை. ஏசி கம்ப்ரசருக்கு அதற்கென்று ஒரு மோட்டார். ஹைபிரிட் கார்களிலேயே 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், தண்ணீர் பம்பையும் மின்சாரத்துக்கு மாற்றி எஞ்சினைப் பெல்ட் இல்லாமல் ஓட்டிக் காட்டியது. ஆனால் நம் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் பெல்ட் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகிறது.

இப்போது கத்தினால்

இன்றைய காரில் பெல்ட் கத்தினால் முடுக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் முடுக்க எதுவும் இல்லை. சத்தத்தின் சாதியைப் பாருங்கள். விட்டுவிட்டுக் ‘கீச் கீச்’ என்று வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். நீளமாகக் ‘கிரீச்’ என்று இழுத்தால் வழுக்கல். மெக்கானிக் ஒரு சோதனை செய்வார்: எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிப்பார். சத்தம் சற்று நேரம் நின்று திரும்ப வந்தால் நேர்கோடு தப்பியிருக்கிறது. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரையோ தேய்ந்த பெல்ட்டையோ மாற்றவேண்டும். வேட்டி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கையோடு ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் போகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கடைகளில் விற்கும் பெல்ட் ஸ்பிரே அன்றைய சோப்புக் கட்டியின் பேரன். சத்தத்தை மறைக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், காரணத்தைத் தொடாது. எண்ணெய்க் கசிவோ கூலன்ட் கசிவோ பெல்ட்டில் படிகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். படிந்திருந்தால் கசிவை அடைத்த பிறகுதான் புது பெல்ட். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் புல்லிப் பள்ளங்களில் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் புது பெல்ட் மாட்டாதீர்கள். அந்த மணல் புது ரப்பரை அரத்தால் ராவியதுபோல் அரைத்துவிடும். பெல்ட்டை மாற்றும்போதே டென்ஷனரையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; கரகரவென்று சுற்றினால் அதையும் மாற்றவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, சர்வீஸுக்கு விடும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: வரித் தேய்மானம் அளந்து பார்த்தீர்களா, டென்ஷனர் சரியாக இருக்கிறதா, சக்கரப் பக்கத்துத் தடுப்பைத் திரும்ப மாட்டினீர்களா. பெல்ட்டை மாற்றவேண்டிய நாளைக் கார் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரும் வருடமும் சொல்லும். அன்று கத்தலை நம்பி வண்டி ஓட்டலாம். இன்று கணக்கை நம்பித்தான் ஓட்டவேண்டும்.